ஒரு பந்துகூட அடிக்கப்படாத இறுதிப் போட்டி: டேவிஸ் கோப்பை 1974

நாடுகளுக்கு இடையிலான ஆண்கள் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையின் வெற்றியாளர் பட்டியலில் 1974ஆம் ஆண்டுக்கு நேரே தென்னாப்பிரிக்கா என்று இருக்கிறது. இரண்டாம் இடம் இந்தியா. ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் ‘வாக்ஓவர்’. இந்தியா ஆட வரவில்லை, ஆகவே கோப்பை எதிரணிக்கு.

நம்மூரில் இதைச் சொல்லும் விதம் எல்லோருக்கும் தெரியும். நிறவெறி அரசோடு ஆட மாட்டோம் என்று இந்தியா கோப்பையையே தியாகம் செய்தது என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அப்படிச் சொல்லி முடித்துவிட்டால், அந்த நெருக்கடியை உண்டாக்கியது யார், அதற்கான விலையைக் கொடுத்தது யார் என்ற இரண்டு கேள்விகளும் காணாமல் போய்விடுகின்றன. இந்தியா விலகியது சரியான முடிவு என்பதுதான் என் கருத்தும். தவறு வேறு இடத்தில் இருந்தது. இப்படி ஒரு இறுதிப் போட்டி வரக்கூடும் என்பது 1973லேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முதலில் அந்தக் கோப்பையின் மதிப்பைச் சொல்ல வேண்டும். 1900இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பாஸ்டனில் மோதித் தொடங்கிய போட்டி இது. அடுத்த 73 ஆண்டுகளில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்ற நான்கு நாடுகளைத் தாண்டிக் கோப்பை வேறெங்கும் போனதில்லை (ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரே அணியாக ஆடிய காலத்தையும் சேர்த்துத்தான்). அதற்கு விதியும் ஒரு காரணம். 1971 வரை முந்தைய சாம்பியன் எந்தச் சுற்றிலும் ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் அடித்துப் பிடித்து மேலே வரும்வரை காத்திருந்து கடைசிப் போட்டியில் மட்டும், அதுவும் சொந்த மண்ணில், ஆடினால் போதும். 1966இல் ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இந்தியாவை அந்தக் கடைசிப் போட்டி வரை கொண்டு போனார்கள். மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று ஜெயித்தது. அந்த ஒன்று, நியூகோம்–ரோச் ஜோடியை நம்மவர்கள் இரட்டையரில் வீழ்த்தியது.

1972இல் விதி மாறியது. சாம்பியனும் முதலிலிருந்து ஆடியாக வேண்டும். இரண்டே ஆண்டுகளில் அதன் பலன் தெரிந்தது: 1974 இறுதிக்கு வந்த இரண்டு அணிகளில் எது ஜெயித்தாலும் கோப்பைக்கு ஐந்தாவதாக ஒரு புது நாடு.

கல்கத்தாவில் 327 கேம்கள்

அந்த இறுதிக்கு இந்தியா வந்த வழியில் ஒரு மோதலைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது. கிழக்கு மண்டல இறுதி, கல்கத்தா, எதிரணி நடப்புச் சாம்பியன் ஆஸ்திரேலியா.

டேவிஸ் கோப்பையில் ஒரு மோதல் என்பது அப்போது ஐந்து ஆட்டங்கள்: நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர். மூன்றை ஜெயிப்பவர் மேலே போவார். ஒவ்வொரு ஆட்டமும் ஐந்து செட் வரை போகலாம். குறைந்தது இரண்டு கேம் வித்தியாசத்தில் ஆறு கேம் எடுத்தவருக்கு ஒரு செட். 6-6 ஆனதும் ஒரே கேமில் செட்டை முடிக்கும் டை-பிரேக் கிடையாது, 1989இல்தான் அது டேவிஸ் கோப்பைக்கு வந்தது. எனவே 6-6 ஆனாலும் யாராவது இரண்டு கேம் முன்னே போகும்வரை செட் நீண்டுகொண்டே இருக்கும். புல்தரையில் சர்வீஸ் போடுபவர் கேமைப் பெரும்பாலும் விடமாட்டார். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தா ஒரு பாடப் புத்தகம்.

ஜஸ்ஜித் சிங் பாப் கில்டினனை 11-9, 9-11, 12-10, 8-6 என்று வென்றார். அணியின் நட்சத்திரமான விஜய் அமிர்தராஜ் ஜான் அலெக்சாண்டரிடம் 12-14, 15-17, 8-6, 2-6 என்று தோற்றார். அதாவது முதல் இரண்டு செட்டிலேயே 58 கேம்கள் ஆடி, இரண்டையும் இழந்தார். அடுத்து இரட்டையர். விஜயும் அண்ணன் ஆனந்தும் ஒரு பக்கம், அலெக்சாண்டரும் காலின் டிப்லியும் மறுபக்கம்: 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. அந்த ஒரு ஆட்டம் மட்டும் 99 கேம்கள். அலெக்சாண்டர் ஜஸ்ஜித்தை நேர் செட்களில் முடித்து 2-2 ஆக்கிவிட, கடைசியில் விஜய் கில்டினனை 6-1, 5-7, 6-4, 6-4 என்று வென்றார்.

ஐந்தையும் கூட்டினால் 327 கேம்கள். டேவிஸ் கோப்பையில் ஒரு மோதலில் ஆடப்பட்ட அதிகபட்சம் இதுதான். இன்றைக்கு மூன்று செட் ஆட்டம், டை-பிரேக் என்றெல்லாம் சுருக்கிவிட்டதால் இதை யாரும் முறியடிக்கப் போவதில்லை. விஜய் மட்டும் ஆடியது 218 கேம்கள். அப்போது அவருக்கு வயது இருபது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அது ஆஸ்திரேலியாவின் முழுப் பலம் கொண்ட அணி அல்ல. முந்தைய ஆண்டு அமெரிக்காவை 5-0 என்று நொறுக்கிய லேவரும் நியூகோமும் கல்கத்தா வரவில்லை. அதனால் வெற்றி சின்னதாகிவிடாது. அலெக்சாண்டர் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. ஆனாலும் ‘உலகின் தலைசிறந்த அணியை வீழ்த்தினோம்’ என்று எழுதுகிறவர்கள் அணிப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் பூனாவில் நடந்த அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்தை இந்தியா 3-1 என்று வென்றது.

எந்தக் கட்டத்தில் யாரை வைத்தார்கள்

இப்போது அடுத்த பக்கத்தைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்க டென்னிஸ் வெள்ளையருக்கு ஒரு சங்கம், மற்றவர்களுக்கு வேறு அமைப்புகள் என்று பிரிந்து கிடந்தது. உலக அமைப்புகளில் நாட்டின் பெயரால் உட்கார்ந்திருந்தது வெள்ளையர் சங்கம். 1969இல் பிரிஸ்டலில் பிரிட்டனோடு ஆட வந்த தென்னாப்பிரிக்க அணியின் ஆட்டத்தின்போது போராட்டக்காரர்கள் மாவுப் பொட்டலங்களை மைதானத்தில் வீசினார்கள். அதே ஆண்டு போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் அவர்களோடு ஆட மறுத்தன. கறுப்பின அமெரிக்க டென்னிஸ் வீரரான ஆர்தர் ஆஷுக்குத் தென்னாப்பிரிக்கா விசா மறுத்ததும் பெரிய செய்தியானது. 1970இல் டேவிஸ் கோப்பையிலிருந்து அந்த நாடு நீக்கப்பட்டது.

1973இல் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். நாட்டில் சட்டம் ஏதாவது மாறியதா என்றால் இல்லை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டம் அப்படியே இருந்தது; கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் முன்பு ஐரோப்பிய மண்டலத்தில் ஆடிக்கொண்டிருந்த நாடு, திரும்பி வந்தபோது அமெரிக்க மண்டலத்தில் வைக்கப்பட்டது. நில வரைபடத்தைப் பார்த்து யாரும் இப்படிச் செய்திருக்க முடியாது. ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் மறியல் நடக்கும், கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஆடாது, ஆசிய மண்டலத்திலோ கேட்கவே வேண்டாம். எதிர்ப்பு குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து வைத்ததாகவே எனக்குப் படுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. தென்னாப்பிரிக்கா தோற்கும்வரைதான் அது வேலை செய்யும். மண்டலத்தை வென்றுவிட்டால் அடுத்து வருவது மற்ற மண்டலங்களின் வெற்றியாளர்கள். 1974இல் நடந்தது அதுதான். பாப் ஹெவிட், ஃப்ரூ மக்மிலன், ரே மூர் ஆகியோர் இருந்த அணி அமெரிக்க மண்டலத்தைத் தாண்டி, ஜோகன்னஸ்பர்க்கில் இத்தாலியை 4-1 என்று வென்று இறுதிக்கு வந்தது.

பூனா அரையிறுதியை இந்தக் கோணத்தில் திரும்பப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அங்கே மோதிய இரண்டு நாடுகளுமே தென்னாப்பிரிக்காவோடு ஆடக்கூடியவை அல்ல. இந்தியா தோற்று சோவியத் அணி இறுதிக்குப் போயிருந்தாலும் அவர்களும் விலகியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. இரண்டே ஆண்டுகள் கழித்து, பினோசெட்டின் ராணுவ ஆட்சியை எதிர்த்து, சிலியோடு அரையிறுதி ஆட மறுத்தவர்கள் அவர்கள். ஆக, ஜோகன்னஸ்பர்க்கில் இத்தாலி ஜெயித்தால் மட்டுமே அந்த ஆண்டு ஒரு இறுதிப் போட்டி நடந்திருக்கும். ஒரு உலகப் போட்டியை நடத்துகிறவர்கள் இத்தாலியை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தியாவால் வேறு என்ன செய்திருக்க முடியும்?

சட்டப்படி பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை. 1946இல், சுதந்திரத்துக்கும் முன்பே, தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்ட முதல் நாடு இந்தியா. அங்கிருந்த இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து அதே ஆண்டு ஐ.நா.வுக்கும் விவகாரத்தைக் கொண்டு போனது. 1954இல் அங்கிருந்த தூதரக அலுவலகம் மூடப்பட்டது. இந்திய பாஸ்போர்ட்டில் தென்னாப்பிரிக்கா நீங்கலாக என்றே அச்சடித்திருப்பார்கள்.

இதில் தமிழர்களுக்கு நேரடியான சம்பந்தம் உண்டு. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பெரும்பகுதி தமிழர்களும் தெலுங்கர்களும். அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் டர்பனில் இன ஒதுக்கல் சட்டத்தால் வீடு இழந்து வேறு பகுதிக்குத் தள்ளப்பட்டவர்கள். வெள்ளையர் கிளப்புகளில் அவர்கள் ராக்கெட்டைத் தூக்க முடியாது. அந்த நாட்டுக்கு எதிராகச் சென்னைப் பையன்களான அமிர்தராஜ் சகோதரர்கள் இந்தியாவின் பெயரில் ஆடுவதா என்பதுதான் கேள்வி. நிறவெறிக்கு எதிராக உள்ளூரில் போராடிய விளையாட்டு அமைப்புகளின் நிலைப்பாடும் தெளிவாக இருந்தது: சமூகம் இயல்பாக இல்லாத இடத்தில் விளையாட்டு மட்டும் எப்படி இயல்பாக இருக்கும்? நாடு கடந்து இந்தப் புறக்கணிப்பைப் பின்னாளில் முன்னின்று நடத்தியவர்களில் டர்பன்காரரான சாம் ராம்சாமியும் ஒருவர்.

மாற்று வழி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ஆஷ் எடுத்த வழியைச் சொல்லலாம். 1973 நவம்பரில் அவருக்குக் கடைசியாக விசா கிடைத்தது. பார்வையாளர்களை இனம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் ஆடினார். ஒற்றையர் இறுதியில் அமெரிக்காவின் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார்; டாம் ஆக்கருடன் இரட்டையர் பட்டம் வென்றார். நேரில் போய் ஆடிக்காட்டுவது அங்குள்ள கறுப்பினச் சிறுவர்களுக்கு நம்பிக்கை தரும் என்று நினைத்தார். பின்னாளில் அவரே விளையாட்டுப் புறக்கணிப்பை ஆதரித்து, 1983இல் கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள் கொண்ட நிறவெறி எதிர்ப்பு அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

தனி ஆளாக ஆடுவதற்கும் நாட்டின் பெயரில் ஆடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஹெவிட்டும் மக்மிலனும் ஆடும் அதே விம்பிள்டனில்தான் அமிர்தராஜ் சகோதரர்களும் ஆடினார்கள். அதை யாரும் தடுக்கவில்லை. டேவிஸ் கோப்பையில் எதிரே நிற்பது மக்மிலன் அல்ல, தென்னாப்பிரிக்கா. அம்பயர் சொல்வதும் நாட்டின் பெயரைத்தான். வேறு ஊரில், மூன்றாவது நாட்டில் ஆட்டத்தை வைத்தாலும் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்காது.

இந்திரா காந்தி அரசின் கொள்கை இதில் தெளிவு. அகில இந்திய லான் டென்னிஸ் சங்கம் விலகலை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று ஐ.நா. பொதுச் சபையும் தென்னாப்பிரிக்கா அந்தக் கூட்டத் தொடரில் பங்கேற்பதை நிறுத்திவைத்தது. ஐ.நா. சபைக்குள் உட்கார முடியாத நாடு, டென்னிஸில் உலகச் சாம்பியன் ஆனது.

ஆடியிருந்தால்?

ஆடியிருந்தால் ஜெயித்திருப்போமா என்பது தவிர்க்க முடியாத கேள்வி. என் கணக்கு இது. இரட்டையர் தென்னாப்பிரிக்காவுக்கு. ஹெவிட்–மக்மிலன் ஜோடி 1967, 1972இல் விம்பிள்டன் வென்றவர்கள், 1978இல் மறுபடியும் வெல்லப் போகிறவர்கள். ஆனால் ஒற்றையரில் விஜய்க்கு இணையாக அவர்களிடம் யாரும் இல்லை. 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதி. அமெரிக்க ஓப்பனில் லேவரையே வென்றார். 1974 அமெரிக்க ஓப்பனில் ஐந்து செட்டில் ஸ்வீடனின் போர்க்கை வீழ்த்தி மீண்டும் காலிறுதி. விஜய் தன் இரண்டு ஆட்டங்களை ஜெயித்து, ஆனந்தோ ஜஸ்ஜித்தோ இன்னொன்றைப் பிடித்திருந்தால் போதும். புல்தரை என்றால் இந்தியாவின் பக்கம் தட்டு சாய்ந்திருக்கும். ஜோகன்னஸ்பர்க்கின் உயரத்தில், பந்து வேகமாகப் பறக்கும் இடத்தில், அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இந்தியா கோப்பையை வெல்ல இருந்த சிறந்த வாய்ப்பு அதுதான் என்று விஜய் பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். விலகியது சரியான முடிவு என்றும் கூடவே சொல்லியிருக்கிறார். அவரே இரண்டையும் சேர்த்துச் சொல்வதை, நாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது சரியில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. தென்னாப்பிரிக்காவோடு உறவு வேண்டாம் என்பது 1946 முதலே தெரிந்த இந்தியக் கொள்கை. தென்னாப்பிரிக்கா திரும்பியது 1973இல். இடையில் எங்கள் அணி இந்த நாட்டோடு மோத நேர்ந்தால் என்ன செய்வது, அதற்கு ஒரு விதி கொண்டு வாருங்கள் என்று அழுத்தம் கொடுக்க ஒரு முழு ஆண்டு இருந்தது. நம் தரப்பும் சரி, போட்டியை நடத்தியவர்களும் சரி, அந்தச் சந்திப்பு வராது என்ற நினைப்பிலேயே காலத்தைத் தள்ளினார்கள். வந்தபோது விலை கொடுத்தது கல்கத்தாவிலும் பூனாவிலும் வியர்வை சிந்திய நான்கைந்து பேர். கொள்கை நாட்டுடையது, இழப்பு அவர்களுடையது. இதைத் தியாகம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. தியாகம் செய்பவர்தானே முடிவை எடுக்க வேண்டும்?

பிறகு

இந்தியா விலகியதால் நிறவெறி ஒரு நாளில் விழுந்துவிடவில்லை. கோப்பை என்னவோ அவர்களுக்குத்தான் போனது, புறக்கணிப்பில் இருக்கும் கசப்பான முரண் அது. ஆனால் இறுதிப் போட்டியே நடக்காமல் போனதால் இனி மழுப்ப முடியாது என்றானது. 1975இலும் 1976இலும் மெக்சிகோ தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்தது. இரண்டு முறையும் அமெரிக்காவை வென்றுவிட்டு அப்புறம் விலகியது என்பதால் அமெரிக்கர்களுக்குக் கோபம். அரசியல் காரணமாக விலகும் நாடுகளைத் தண்டிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1977இல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும் ஆடியபோது போராட்டக்காரர்கள் களத்தில் எண்ணெயைக் கொட்டினார்கள். அமெரிக்க கேப்டன் டோனி டிராபர்ட் ராக்கெட்டாலேயே அவர்களை அடித்தார். 1978இல் நாஷ்வில்லில் அரங்குக்கு வெளியே ஊர்வலம். அணியில் பீட்டர் லாம்ப் என்ற வெள்ளையரல்லாத இளைஞரைச் சேர்த்துக் காட்டியும் பலனில்லை. 1979இல் நீக்கப்பட்ட தென்னாப்பிரிக்கா, நிறவெறிச் சட்டங்கள் நீங்கிய பிறகு 1992இல்தான் திரும்பியது. ஐந்து ஆண்டுகள் முன்னதாக, அதாவது 1974 வாக்ஓவர் முடிந்த கையோடு, இதைச் செய்திருக்கலாம்.

இந்தியா எப்போதும் இதே கோட்டில் நின்றதா என்றும் பார்க்க வேண்டும். 1987 காலிறுதியில் எதிரணி இஸ்ரேல். அப்போது இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் முழுமையான தூதரக உறவு இல்லை. அது 1992இல்தான் வந்தது. ராஜீவ் காந்தி அரசு இஸ்ரேலிய அணிக்கு விசா கொடுத்தது. டெல்லியில் ஆட்டம் நடந்தது, இந்தியா 4-0 என்று வென்றது. இரண்டையும் ஒன்றாக வைத்து இரட்டை வேடம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் விளையாட்டே இனம் பார்த்து நடந்தது. யார் அணிக்கு வரலாம், யார் எந்த மைதானத்தில் கால் வைக்கலாம் என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்தது. அங்கே எதிர்ப்பு அந்த விளையாட்டு முறையின் மீதே. மற்றது வெளியுறவுக் கொள்கை. அரசுக்கு அரசு, ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது.

அந்த 1987இல் இந்தியா மூன்றாவது முறையாக இறுதிக்குப் போனது. சிட்னியில் ஆஸ்திரேலியாவுடன் 2-2 என்று இருந்தபோது, ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ், வாலி மசூரை வென்று அணியை உள்ளே கொண்டுவந்தார். அமிர்தராஜ் சகோதரர்கள் இருவரும் அந்த அணியில் இருந்தார்கள், முப்பதுகளின் நடுவில். இறுதியில் எதிரணியான ஸ்வீடன், கோதன்பர்க் உள்ளரங்கில் களிமண் தரை போட்டு வைத்திருந்தது. 5-0 என்று ஸ்வீடன் வென்றது. இந்த முறை ஸ்கோர் என்று ஒன்றாவது இருந்தது.

தென்னாப்பிரிக்காவோடு இந்தியாவுக்கு முக்கியமான ஒரு மோதல் 2009 செப்டம்பரில் வந்தது. இடம் ஜோகன்னஸ்பர்க். சோம்தேவ் தேவ்வர்மன் இரண்டு செட் பின்தங்கியிருந்து ரிக் டி வோஸ்டை ஐந்து செட்டில் வென்றார். இந்தியா 4-1 என்று ஜெயித்து முன்னணி நாடுகள் ஆடும் உலகப் பிரிவுக்குள் அடுத்த ஆண்டுக்காக நுழைந்தது. அந்த முறை அணிக்கு எதிரே இருந்த கவலையெல்லாம் டி வோஸ்டின் சர்வீஸும் அந்த ஊரின் உயரமும்தான்.